உங்கள் குளத்து ஹீட்டர் எரியவில்லை, மாமா

என் மதிப்புக்கும் கேலிக்கும் ஒருங்கே உரிய ஏழுமலை மாமாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற நிலையில் அது கொஞ்சம் அதிகப்படியான மரியாதையாகத் தெரிகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குளத்து ஹீட்டர் எரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததைப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. வளைகுடா ஓட்டல்களில் நீச்சல் குளம் பராமரித்துவிட்டு ஊர் திரும்பினீர்கள். திண்டிவனத்துக்கு வெளியே மரக்காணம் சாலையில் வீடு கட்டி, மற்றவர்கள் மாட்டுக்கொட்டகை போடும் இடத்தில் நீச்சல் குளம் வெட்டினீர்கள். அதோடு விட்டீர்களா? பொம்மையார்பாளையத்தில் இழுத்து மூடிய ஒரு கடற்கரை விடுதியிலிருந்து, சிலிண்டர் கேஸில் குளத்து நீரைச் சூடாக்கும் இயந்திரம் ஒன்றையும் வாங்கி வந்து மாட்டினீர்கள்.

சித்திரையில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டும் ஊரில், குளத்துக்கு ஹீட்டர். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "அத்தினி வருசம் வெள்ளக்காரன் குளிக்கற தண்ணியில கைய உட்டு சூடு பாத்துக்கினு இருந்தேன் மச்சான். ஒருநாள் கால வைக்க உட்டானா? மார்கழியில என் வெந்நீர்ல நான் குந்திக்கினு டீ குடிக்கணும்" என்றீர்கள். போன மார்கழியில் குடித்தீர்கள். தையில் போய்விட்டீர்கள்.

இனி உங்களுக்குத் தெரியாத செய்தி. சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அதைச் சொல்லாமல் ஹீட்டர் கதையைச் சொல்ல முடியாது. வைகாசியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கை, வலது கால். வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நாக்கின் கூர்மைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மகள் கைக்குழந்தையோடு ஓசூரில் இருக்கிறாள். அதனால் நான் விழுப்புரத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

நாங்கள் சிரித்த குளம்தான் அவளை எழுப்பியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிசியோ பெண் குளத்தைப் பார்த்ததும், "தண்ணில நடக்க வைங்க சார், உடம்பு வெயிட் தெரியாது" என்றாள். ஆனியிலிருந்து ஐப்பசி வரை வெயிலே தண்ணீரைச் சூடாக்கித் தந்தது. அக்காவுக்காகத் தண்ணீரை மார்பளவோடு நிறுத்தினேன். நீங்கள் போட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தாள். தரையில் நகராத கால் தண்ணீரில் நகர்ந்தது.

கார்த்திகை பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஐஸாகிவிட்டது. இறங்கிய முதல் நாளே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அக்கா தண்ணீருக்குள் போய்விட்டாள். தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினேன். பிசியோ பெண் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொன்னாள்: "சூடான தண்ணி இல்லாம இறக்காதீங்க. அதுக்காக ரெண்டு மாசம் சும்மாவும் உட்டுடாதீங்க. கால் இறுகிடுச்சின்னா அப்புறம் நான் வந்து ஒண்ணும் பிரயோசனம் இல்ல."

ஆக, மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் கால் இறுகிவிடுமா, இல்லையா என்பது உங்கள் ஓட்டை ஹீட்டரின் கையில். இப்படி ஒரு பொறுப்பை அந்தத் தகரப் பெட்டியிடம் கொடுப்போம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்களா?

முதலில் அதை நம்பாமல் சுயமாக முயன்றேன். பக்கத்து வீட்டில் நெல் அவிக்கும் அண்டாவை வாங்கி வந்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்துக் குளத்தில் ஊற்றினேன். குளம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குத்தான் முழங்கை வெந்தது.

பிறகு சிலிண்டர் வாங்கப் போனேன். "எந்த உபயோகத்துக்கு?" என்று கேட்டார் கேஸ் கடைக்காரர். நீச்சல் குளத்துக்கு என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "கொளத்துல என்னா சார் சமைக்கறீங்க?" என்றார். எங்க அக்காவ என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் பெருந்தன்மையோடு டீக்கடை என்று எழுதிக்கொண்டு சிலிண்டரை அனுப்பிவைத்தார்.

மாட்டினேன். பம்பைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். உள்ளே டிக் டிக் என்றது, குபுக்கென்று பிடித்தது. என் கல்வித்தகுதியைப் பற்றி எனக்கே ஒரு மரியாதை பிறந்தது. அடுத்த கணம் தீ குறுகியது, மஞ்சளாகியது, அணைந்தது. மறுபடி டிக் டிக், குபுக், சுருக்கம், இருட்டு. மூன்றாவது முறைக்குப் பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது. இதற்கு மேல் கேஸ் விடமாட்டேன் என்று இயந்திரம் சொல்லிவிட்டது. என்னைவிட அதற்குப் புத்தி இருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

மேம்பாலத்துக்குக் கீழே கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேகரைக் கூட்டிவந்தேன். குளத்து ஹீட்டரை அவன் இதற்குமுன் பார்த்ததில்லை. அந்தக் குறையை அவன் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "அடுப்பு சின்னதா இருந்தா என்னா, பெருசா இருந்தா என்னா சார்? கேசு வரணும், நெருப்பு வரணும், அவ்ளோதான்" என்றான்.

மூடியைக் கழற்றினான். பர்னர் துளைகளில் குளவி கட்டியிருந்த மண்கூட்டைக் குச்சியால் குத்தி எடுத்தான். எனக்கும் நம்பிக்கை வந்தது. நான் ஃபில்டரைக் கழுவினேன், தண்ணீர் நன்றாக ஓடுகிறதா என்று பார்த்தேன். குழாய், வால்வு, ரெகுலேட்டர், பெட்டி என்று இருவருமாக ஒரு தூசி இல்லாமல் துடைத்து வைத்தோம். அழுத்தினோம். டிக் டிக், குபுக், இருட்டு.

"புரிஞ்சிடுச்சி சார்" என்றான் சேகர். "உள்ள ஒரு போலீசுக்காரன் குந்திக்கினு இருக்கான். நெருப்பு கொஞ்சம் கொறஞ்சாலும் கேச நிறுத்திடறான். அவன டீ குடிக்க அனுப்பிட்டா நிக்காம எரியும். டைரக்ட் குடுத்துடறேன்."

இந்த 'டைரக்ட்' என்ற சொல்லை நம் மாவட்டத்தில் எத்தனை பேர் எத்தனை இயந்திரங்களின் முன்னால் நின்று சொல்லியிருப்பார்கள் மாமா? பாதுகாப்புக்கு என்று எவனோ யோசித்து வைத்ததையெல்லாம் ஒரு துண்டு ஒயரால் தாண்டிப் போய்விடுவோம். மோட்டார், மிக்சி, மாவரைக்கும் கிரைண்டர், எல்லாம் டைரக்ட்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஜாக்கிரதையா பண்ணுப்பா" என்றேன். படித்தவர்கள் சம்மதம் தெரிவிக்கும் முறை அது.

அப்போது அந்தி நேரம். காலை முழுக்க அடித்த மழை விட்டிருந்தது, காற்றே இல்லை. அக்கா, தண்ணீர் மட்டம் குறைத்திருந்த குளத்தின் கீழ்ப்படியில் காலை மட்டும் தண்ணீரில் நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "பத்திக்கிச்சின்னா மொத சூடு எனக்குத்தான்" என்று அடம்பிடித்து இறங்கியிருந்தாள். கார்த்திகை மாதமாயிற்றே, படிக்கு இரண்டு ஓரத்திலும் அகல் வைக்கச் சொன்னாள். நான்தான் ஏற்றிவைத்தேன்.

ஹீட்டர் அறை குளத்தைவிட ஓரடி உயரத்தில் இருக்கிறது அல்லவா? அங்கே சேகர் ஒயரைச் சேர்த்தான். உஸ் என்று கேஸ் வரும் சத்தம் கேட்டது. "கையால பத்த வெச்சிக்கலாம்" என்று சட்டைப்பையைத் தடவினான். லைட்டர் இல்லை. வண்டிப் பெட்டியில் இருக்கிறது என்று வாசலுக்குப் போனான். போகிற வழியில் அவனுக்குப் போன் வந்தது. யாருடைய மிக்சியோ சத்தம் போடுகிறதாம். அதற்கு அவன் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் கதவருகே நின்றேன். எந்த வாடையும் இல்லை. செருப்பு வார் கழன்றது என்று குனிந்தேன். கேஸ் வாடை முகத்தில் அறைந்தது. நிமிர்ந்தேன், இல்லை. மறுபடி குனிந்தேன், இருந்தது. முழங்காலுக்குக் கீழே கேஸ் நிற்கிறது, மாமா. நிற்கவுமில்லை. கதவைத் தாண்டி, தண்ணீர் மாதிரி, பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளம் எது? குளம். விளிம்புக்குக் கீழே அக்காவின் தலை. அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு விளக்கு.

வாசலிலிருந்து சேகரின் குரல் வந்தது. "கெடச்சிடுச்சி சார், தோ வர்றேன்!"

"அங்கியே நில்லு! வராத! லைட்டர தூக்கிப் போடு!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. சிலிண்டர் வால்வைப் பிடித்துத் திருகினேன். பதற்றத்தில் முதலில் திறக்கிற பக்கம் திருகினேன். உஸ் சத்தம் பெரிதானது. பிறகுதான் மூடினேன்.

"அக்கா! விளக்க ஊது! ஊதி அணை!"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. அவளால் ஊத முடியாது. வைகாசியிலிருந்து அவள் உதடு குவியவில்லை. சூடான காப்பியைக்கூட நான்தான் ஆற்றிக் கொடுக்கிறேன்.

அவள் யோசிக்கவில்லை. இடது கையால் தண்ணீரை அள்ளி இடது பக்க விளக்கின் மேல் அடித்தாள். சுர்ரென்று அணைந்தது. வலது பக்க விளக்கு எட்டவில்லை. வலது கை எழவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஈரத் தரையில் என் வயதில் ஓடுவது ஓட்டமா? அதற்குள் அக்கா எழுந்தாள் மாமா. படியில் இடது காலை மாற்றி வைத்து, வலது காலை ஊன்றி, எதையும் பிடிக்காமல் எழுந்து திரும்பினாள். இடது கையை நீட்டி அந்த விளக்கைத் தட்டித் தண்ணீருக்குள் தள்ளினாள். பிறகு கால் இழுத்துக்கொண்டது. விழப் போனவளை நான் பிடித்தேன்.

அவளைத் தூக்கித் தெருப்பக்கம் கொண்டுபோனோம். "ஃபேன் போட்டா கேசு போயிடும் சார்" என்று சேகர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். ஒரு சின்னப் பொறி போதும் என்று அவன் கையைத் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் மூவரும் வாசல் மண்ணில் உட்கார்ந்து, காற்று எப்போது வீசும் என்று காத்திருந்தோம். எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்காததை யாருக்குச் சொல்லி விளங்க வைப்பது? தெருவில் போனவர் ஒருவர், "என்னா, குடும்பத்தோட காத்து வாங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றேன்.

அக்காவின் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே, காலையில் ஹீட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிடலாம் என்று சொன்னேன்.

"வித்துடு" என்றாள் அவள். "அப்படியே என் காலையும் சேத்துப் போட்டுடு. எடை கூட வரும்."

மறுநாள் வெயில் வந்தபிறகு சேகர் வந்தான். அவனாகவே அந்த ஒயரை எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டினான். டைரக்ட் என்ற சொல் அன்று முழுவதும் அவன் வாயிலிருந்து வரவில்லை. கேஸ் போதாமல்தான் தீ சுருங்குகிறது என்று அவனுக்கு இப்போது சந்தேகம். கடையிலிருந்து ஒரு அடுப்பு ரெகுலேட்டரைக் கொண்டுவந்திருந்தான். "இது இதுக்குச் சேராது சார். ஒப்பிட்டுப் பாக்கத்தான்" என்று நம்முடையதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு ஆண்கள் ஒரு பொருளை உற்றுப் பார்ப்பது என்பது பெரும்பாலும் ஒரு தியானம்தான்.

அக்கா சக்கர நாற்காலியில் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். "டேய் தம்பி, புதுசுல தலை மேல ஒரு ஓட்டை இருக்குதே, அது நம்மள்ல எங்க?"

பார்த்தோம். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு இருந்தது. நல்ல கனமான சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து கல்லாகியிருந்தது.

ஆயுத பூஜைக்கு வைத்தது. வருடா வருடம் நீங்கள் வைப்பீர்கள், விரல் நுனியால் லேசாக, பெட்டியின் முன்பக்கத்தில். இந்த முறை அக்கா யாரையும் வைக்க விடவில்லை. நாற்காலியைத் தள்ளச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவளே இடது கையால் வைத்தாள். இடது கைக்கு லேசாக வைக்கத் தெரியாது. அப்பிவிட்டாள்.

அந்தத் துளை வழியாகத்தான் ரெகுலேட்டர் மூச்சு விடுகிறது. அதை அடைத்தால் உள்ளே இருக்கும் தகடு அசையாது, தேவையான கேஸ் வராது. இது சேகருக்குத் தெரியும். "தெரியும்னா ஏன்பா பாக்கல?" என்றேன். அன்றைக்கு எல்லாவற்றையும் துடைத்தவன் அவன்தானே?

"பொட்ட மட்டும் உட்டுட்டு சுத்தித் தொடச்சேன் சார்" என்றான். தலை குனிந்திருந்தது. "பெரியவரு போன வீடு. பொட்ட அழிக்கறது எப்படின்னு..."

நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை. நானும் அந்த ரெகுலேட்டரைத் துடைத்தவன்தான். நானும் பொட்டைச் சுற்றித்தான் துடைத்திருந்தேன். குளவிக் கூட்டைக் கலைத்தோம், போலீஸ்காரனை வெளியே அனுப்பினோம், அக்காவின் உயிரையே பணயம் வைத்தோம். பொட்டைத் தொட மட்டும் எங்களுக்குக் கை வரவில்லை.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கருமாதி அன்று பெரியம்மா குங்குமத்தை அழிக்க வந்தபோது அவள் கையை எப்படித் தட்டிவிட்டாள் தெரியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும். அன்றிலிருந்து இன்றுவரை அவள் நெற்றியில் அது இருக்கிறது.

"என் நெத்தியில அழிக்க வந்தப்பதான்டா நான் ஒத்துக்கல" என்றாள். "ரெகுலேட்டருக்கு என்னா வந்துது? அழி."

சேகர் ஈரத்துணியால் ஊறவைத்து, ஊசியால் துளையைச் சுத்தம் செய்தான். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. கதவை, ஜன்னலைத் திறந்துவைத்தோம். அக்காவைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தேன். அவள் என்னைப் பற்றி உரக்கச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

அழுத்தினேன். டிக் டிக். குபுக். தீ குறுகுமா? குறுகவில்லை. நீலமாக, சீராக, ஒரு பெரிய விலங்கு தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல எரிந்தது. சேகர் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டான். "வேற எதையும் பூசிடாதப்பா" என்றேன்.

மறுநாள் மதியம் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தேன், நீங்கள் பார்ப்பதுபோல மணிக்கட்டைத் திருப்பி. சூடு இருந்தது. அக்காவை இறக்கினோம். பிசியோ பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் என் பக்கம் வெறும் அலங்காரம்தான்.

அவள் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். கால் இழுக்கவில்லை.

"அன்னிக்கி வெளக்கத் தள்ளி உட்டப்ப நான் எந்தக் கால்ல நின்னேன்?" என்று கேட்டாள்.

"ரெண்டுலயும்."

"பொய் சொல்லாத."

"வலது கால்ல."

"நீ பாத்த?"

"பாத்தேன்க்கா."

"அப்ப அது சாவல" என்றாள். கைப்பிடியை விட்டாள்.

நாங்கள் இருவரும் கையை நீட்டினோம். தொட்டால் கொன்றுவிடுவேன் என்பதுபோல் பார்த்தாள். ஒரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி. தண்ணீர் அவள் மார்பைச் சுற்றி ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. குளத்தின் நடுவரை போனாள். அங்கே தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. அது ஆறாமலே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

இதற்கு மேல் உங்களுக்கு நல்ல செய்தியாகச் சொல்லி முடிக்கலாம்தான். ஆனால் படியேறித் தரைக்கு வந்ததும் அந்தக் கால் மறுபடி கட்டையாகிவிட்டது. நாற்காலியில்தான் வீட்டுக்குள் போனாள். தண்ணீருக்குள் இருப்பது தரைக்கு எப்போது வரும்? வருமா? பிசியோ பெண் தோளைக் குலுக்குகிறாள். அக்கா அதைக் கேட்பதே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே அவள் நடப்பாள் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அது என் கையில் இல்லை. நீங்களும் வெறும் வாக்கை வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. இதை மட்டும் சொல்கிறேன். மழை அடித்தாலும் பனி இறங்கினாலும், அவள் இறங்கும்போது தண்ணீர் சூடாக இருக்கும். முதலில் என் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளை இறக்குவேன். அவள் போதும் என்று சொல்லும்வரை.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
உங்கள் மச்சான்,
கோதண்டம்